வாங்குபவர் கேட்காத விவரம்

டெலிபோன் அலறியது!

ஷைலேந்திரா துள்ளி விழுந்தான். ஆறு மாதமாக எந்தப் போன் அடித்தாலும் அவனுக்கு இப்படித்தான்.

2007, ஜூன். ஒரு தீவு நாட்டில், லௌடோகாவுக்குப் பக்கத்து ஊரான ட்ராசா. ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து பாதித் தெரு ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் மூட்டை கட்டிக் கொண்டிருந்தது. ஷைலேந்திராவுக்கு வியாழக்கிழமை ப்ளைட். கட்டில், பிரிட்ஜ் எல்லாம் விற்றாயிற்று. லேப்டாப் மட்டும் இன்டர்நெட் விளம்பரத்தில் நின்றது.

"ஹலோ... லேப்டாப் இருக்கா? நான் சவுசவு துறைமுகத்துல கப்பல்காரன். விலைக்கு மேலேயே செக் அனுப்பறேன். மிச்சத்த, சாமான் எடுக்க வர்ற ஆளுகிட்ட கேஷா குடுத்துடுங்க..."

"யோவ்! வேற ஆளப் பாரு!"

போனை வைத்தான். மனைவி ரோஷனி சிரித்தபடி சுவரைக் காட்டினாள். விளம்பரத் தளத்திலிருந்து அவள் எழுதி ஒட்டிய எச்சரிக்கைகள்.

ரொக்கம் மட்டும்.

பகலில், நாலு பேர் நடுவில் கொடு.

வாங்குபவர் கேட்காத விவரத்தைச் சொல்லாதே.

"மூணாவதுல நீங்க கில்லாடி!" என்றாள்.

அவளிடமே அவன் சொல்லாத விவரம் ஒன்று இருந்தது.

ராணுவத்தைக் கிழித்து இன்டர்நெட்டில் பேர் போடாமல் எழுதுவது யார் என்று ராணுவ கேம்ப் ஆட்கள் தேடினார்கள். ஷைலேந்திராவைக் கூப்பிட்டு, "சொல்லலன்னா வெளிநாடு போக மாட்டே!" என்று மிரட்டினார்கள். அவன் இதே லேப்டாப்பில் ஒரு வரி ஈமெயில் அடித்தான்.

'எழுதுவது யோகேந்திரா மாஸ்டர்.'

யோகேந்திரா அவன் பால்ய சிநேகிதன். கேம்ப்பிலிருந்து திரும்பியபோது வலது கை விளங்காமல் போயிருந்தது. தூக்கினால் நிற்காது, விட்டால் தொங்கும்.

ஈமெயிலை அன்றைக்கே அழித்துவிட்டான். ஆனாலும் தூக்கம் போனது போனதுதான்.

கப்பல்காரன் போன் வந்த மறுநாள் லௌடோகா பஸ் ஸ்டாண்டில், நவீத் என்ற ரிப்பேர் கடைக்காரன் ரொக்கம் கொடுத்து லேப்டாப்பை வாங்கிப் போனான். அப்பாடா!

புதன் காலை... மறுபடி போன்!

"அண்ணே, நவீத் பேசறேன். லேப்டாப்ப நம்ம யோகேந்திரா மாஸ்டருக்குத்தான் வாங்கினேன். இடது கையால டைப் அடிக்கப் பழகறாரு."

"யா... யாருக்கு?!"

"மாஸ்டருக்குண்ணே! ஆன் பண்ணிப் பாத்தாரு. உடனே உங்கள வரச் சொன்னாரு."

"என்ன... என்ன பாத்தாரு?"

"நேர்ல வாங்களேன்!"

கடைக்குள் நுழைந்தபோது ஷைலேந்திராவின் சட்டை நனைந்திருந்தது. மேஜைக்குப் பின்னால் யோகேந்திரா. வலது கை, கழுத்தில் கட்டிய துணியில்.

"அரே ஷைலு, வா..."

அவ்வளவுதான். ஷைலேந்திரா மண்டியிட்டு விழுந்தான்.

"யோகி! மன்னிச்சுடுடா! கேம்ப்புக்கு உன் பேர எழுதினது நான்தான்! போக விடமாட்டோம்னு மிரட்டினாங்க... பயந்துட்டேன்! உன் கையப் பாக்கறப்பல்லாம் சாகறேன்டா!"



யோகேந்திரா இடது கையால் ஒரு சிடியை மெல்ல நகர்த்தினான். மேலே ரோஷனியின் கையெழுத்து. 'எங்கள் கல்யாணம்.'

"லேப்டாப் உள்ளயே கெடந்துச்சு. நாட்ட விட்டுப் போறவன் தேடுவியேன்னு கூப்பிட்டேன்."

"அப்ப... அந்த ஈமெயில்?"

"எந்த ஈமெயில்? சுத்தமா தொடச்சுல்ல வித்திருக்கே!"



"நான் கேம்ப்ல இருந்தப்ப என் வீட்டுக்கு அரிசி மூட்டை தூக்கிட்டு வந்தே," என்றான் யோகேந்திரா. "உன்னப் போல சிநேகிதன் உண்டான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்டா..."

லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினான். இடது கையின் ஒற்றை விரல் எழுத்து எழுத்தாக இறங்கியது.

"யோகி... என்ன எழுதறே?"

"இன்டர்நெட்டுல ஒரே வரிதான். இந்தத் தடவை பேர் போட்டு. உன் பேரு!"

நவீத் தலையைச் சொறிந்தான்.

"எத்தனையோ பேர்கிட்ட பழைய சாமான் வாங்கியிருக்கேண்ணே... கேக்காமலே இவ்ளோ விவரம் குடுத்த பார்ட்டி நீங்க ஒருத்தர்தான்!"