எந்தச் செயின்?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டின் பின்பக்கம் வந்த அத்தை அதிர்ந்துபோய் நின்றுவிட்டார்.

"ஐயையோ! யாரு வண்டியை இப்படிக் கொன்னு போட்டது?"

நேற்று வரை ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிள் துண்டு துண்டாகக் கிடந்தது. சீட் சுவரோரம் சாய்ந்திருந்தது. பெட்ரோல் டேங்க் ஒரு சாக்கின் மேல் படுத்திருந்தது. முன்விளக்கு ஒரு வாளிக்குள் இருந்தபடி எல்லாரையும் முறைத்துக்கொண்டிருந்தது.

"கொல்லலை அண்ணி, வைத்தியம் பாக்குறேன்," என்றார் அம்மா. அவர் கன்னத்தில் கிரீஸ் ஒட்டியிருந்தது. "இதுக்கு என்னைவிட நாலு வயசுதான் கம்மி. ராத்திரி லைட்டைப் போட்டா பள்ளம் வந்த பிறகுதான் பள்ளம் தெரியுது. அதான் எல்இடி லைட் மாட்டப்போறேன். பிரேக்கும் மாத்தணும்."

அம்மாவுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. பத்து மாடிக் கட்டடத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவருக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் எம்மாத்திரம்! அப்பா பேருந்து ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு டியூட்டி உண்டு.

அதனால் அம்மாவுக்குத் துணை மகள் நட்டுதான். நட்டுவுக்குப் பத்து வயது. அவள் பாவாடைப் பையில் எப்போதும் நாலைந்து நட்டுகள் கிடக்கும். ஒரு நாள் வகுப்பில் ஒன்று உருண்டு ஓடியது. "டீச்சர், என் நட்டு கழண்டு விழுந்துடுச்சு!" என்று இவள் எழுந்து நின்று சொல்ல, டீச்சரே விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து அதுவே அவள் பெயர். அக்கா நட்டு என்றால் தம்பி வேறு என்னவாக இருக்க முடியும்? போல்ட்டுதான். அவனுக்கு ஐந்து வயது.

"எனக்கும் வேலை குடுங்க," என்று காலையிலிருந்து போல்ட்டு நச்சரித்தான்.

"நீ சும்மா இருக்குறதுதான்டா பெரிய வேலை," என்றார் அம்மா.

அத்தை நாலு நாள் தங்கிப் போக வந்திருந்தார். குளிக்கப் போகும் முன் கழுத்திலிருந்த தங்கச் செயினைக் கழற்றி, கை கழுவும் பேசின் மேலிருந்த பலகையில் வைத்தார்.

"கொக்கி வேற தொளதொளன்னு இருக்கு. செயின் எவ்வளவு அழுக்காயிடுச்சு பாரேன்," என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். பல் தேய்த்துக்கொண்டிருந்த போல்ட்டு பார்த்தான். அழுக்காகத்தான் இருந்தது.

அத்தை குளிக்கப் போனால் லேசில் வெளியே வரமாட்டார். தண்ணீர் ஊற்றும் சத்தத்தோடு பாட்டுச் சத்தமும் கேட்கும். பாட்டு நின்றால் பாதிக் குளியல் முடிந்தது என்று கணக்கு.

பின்பக்கத்திலிருந்து அம்மா குரல் கொடுத்தார். "யாராவது அந்த அழுக்குச் செயினை எடுத்து மண்ணெண்ணெய் டப்பாவுல ஊறப்போடுங்களேன்!"

நட்டு ஓடிப்போய், கழற்றிக் கிடந்த வண்டிச் செயினைத் தூக்கி டப்பாவில் போட்டாள். பளிங்கு போல இருந்த மண்ணெண்ணெய் நொடியில் கறுத்துப் போனது. கையைத் துடைக்கத் துணி தேடி அவள் உள்ளே போனாள்.

அரை மணி நேரம் கழித்து அம்மா அந்தச் செயினை வெளியே எடுத்து, பிரஷ்ஷால் தேய்த்து, சுவர் ஆணியில் தொங்கவிட்டார். அதன் இரண்டு முனைகளையும் சேர்க்கும் செயின் லாக் மட்டும் வளைந்து போயிருந்தது. தெருமுனையில் புதிதாக மெக்கானிக் கடை போட்டிருக்கும் ஸ்பேனர் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார்.

அவர் உடனே ஒரு லாக்கோடு வந்துவிட்டார். வந்தவர் சும்மா போகவில்லை. அம்மாவுக்குப் பிரேக் கேபிளை இழுத்துப் பிடித்து உதவினார். பிறகு பேசினில் கையைக் கழுவிக்கொண்டார்.

"அக்கா, அந்த மண்ணெண்ணெயைக் கொட்டிடாதீங்க. கடையில இன்னொரு செயின் கழுவணும். எடுத்துக்கட்டுமா?"

"தாராளமா எடுத்துக்கோ தம்பி."

டப்பாவோடு அவர் கிளம்பினார். உள்ளே பாட்டு நின்றது. கதவு திறந்தது. பிறகு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு அலறல்.

"ஐயோ! என் செயினைக் காணோம்!"

"பதறாதீங்க அண்ணி!" என்று அம்மா அங்கிருந்தே கத்தினார். "மண்ணெண்ணெய்ல ஊறவெச்சு, கம்பி பிரஷ் போட்டு நல்லாத் தேச்சு, ஆணியில மாட்டியிருக்கேன்!"

அத்தையின் குரல் இன்னும் உயர்ந்தது.

"கம்பி பிரஷ்ஷா? என் செயினையா?"

தலையில் சுற்றிய துண்டு அவிழ, அத்தை ஓடி வந்தார். ஆணியில் கனமாகத் தொங்கிய வண்டிச் செயினைப் பார்த்தார். அம்மா அத்தையின் வெறும் கழுத்தைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

"என் முதல் சம்பளத்துல வாங்கினது," என்றார் அத்தை. குரல் உடைந்துபோனது. "பேசின் பலகையிலதான் வெச்சேன்."

வீடே அமளிதுமளியானது. பேசின் குழாயைக் கழற்றிப் பார்த்தார்கள். பாயை உதறினார்கள். அத்தை போல்ட்டுவின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"டேய், தொலைஞ்சு போன செயினை நீ பாத்தியா?"

போல்ட்டு நன்றாக யோசித்தான். "தொலைஞ்சு போன செயினா? நான் பாக்கலையே."

அத்தை மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்த மெக்கானிக் பையன் இங்கதானே கை கழுவினான்?"

நட்டுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அண்ணி, அவர் அப்படிப்பட்டவர் இல்லை," என்றார் அம்மா.

"அப்போ செயினுக்குக் கால் முளைச்சு நடந்து போயிடுச்சா? மூணு மாசம் முன்னாடி வந்தவனைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? என் தம்பி வரட்டும்னு காத்திருக்க முடியாது. நான் போலீஸ்ல சொல்லப்போறேன்."

அத்தை கைபேசியை எடுத்தார். போன வாரம் நட்டுவின் சைக்கிள் பஞ்சரானபோது, பள்ளிக்கூடத்திலிருந்து அதைத் தோளில் தூக்கி வந்தவர் ஸ்பேனர் அண்ணன். கடை வாசலில் போலீஸ் வந்து நின்றால், நாளைக்கு யார் அவரிடம் வண்டியை விடுவார்கள்?

"அத்தை, ஒரே ஒரு பத்து நிமிஷம் குடுங்க. நான் தேடிப் பாக்குறேன்."

அத்தை கைபேசியை மடியில் வைத்தார். ஆனால் பிடியை விடவில்லை.

நட்டு எல்லா இடத்தையும் பார்த்தாள். கடைசியில் அவள் கண் போல்ட்டுவின் கையில் நின்றது. முழங்கை வரை கறுப்பு. பக்கத்தில் போனாள். மண்ணெண்ணெய் வாடை அடித்தது. இவனுக்குத்தான் யாரும் வேலையே கொடுக்கவில்லையே!

கோபப்பட்டால் அவன் வாயை மூடிக்கொள்வான் என்று நட்டுவுக்குத் தெரியும். அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"போல்ட்டு, இன்னைக்கு நீ என்ன வேலை பாத்தே?"

அவன் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவன் போல நிமிர்ந்தான்.

"அம்மா சொன்ன வேலை. அழுக்குச் செயினை மண்ணெண்ணெய்ல போடுற வேலை!"

"அதை நான்தானே போட்டேன்?"

"நீ பெரிய செயினைப் போட்டே. நான் சின்னச் செயினைப் போட்டேன்."



"அத்தை கேட்டப்போ ஏன்டா சொல்லலை?"

"அத்தை தொலைஞ்சு போன செயினைத்தானே கேட்டாங்க?" என்றான் போல்ட்டு. "அது தொலையலையே. ஊறுது."

நட்டு பின்பக்கம் பாய்ந்தாள். டப்பா இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கறுப்புக் கறை மட்டும் இருந்தது. டப்பா இப்போது எங்கே இருக்கிறது என்பது அப்போதுதான் அவள் மண்டையில் உறைத்தது.

ஸ்பேனர் அண்ணன் கடையில்!

ஓடிப்போய் யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்துவிடலாமா? வந்தால், "எங்கே இருந்துச்சு?" என்று அத்தை கேட்பார். "கடையில" என்று சொன்னால் முடிந்தது கதை. செயின் கிடைப்பதற்கு முன்பே உண்மை வெளியே வரவேண்டும்.

"போல்ட்டு, இப்போ சொன்னதை அப்படியே அத்தைகிட்ட வந்து சொல்லு."

அவன் உதடு பிதுங்கியது. ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அவனுக்கும் புரிந்துவிட்டது. "திட்டுவாங்களா?"

"திட்டினா ஆளுக்குப் பாதி. உனக்குப் பாதி, எனக்குப் பாதி."

அவன் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தான். எல்லாவற்றையும் சொன்னான். ஊறுகிற கதையையும் விடவில்லை. அத்தையின் கையிலிருந்த கைபேசி மடியில் நழுவி விழுந்தது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தக் கை முழுக்க கிரீஸ் என்பது அவருக்கு நினைவில்லை.

நாலு பேரும் தெருமுனைக்கு ஓடினார்கள்.

ஸ்பேனர் அண்ணன் கடையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கை டப்பாவுக்குள் இருந்தது. ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். வெளியே எடுத்தார். கறுப்பு மண்ணெண்ணெய் சொட்டச் சொட்ட, மெல்லிய தங்கச் செயின் ஒன்று அவர் விரல்களில் தொங்கியது.

அதே நேரத்தில் நிமிர்ந்தார். எதிரே நாலு பேர்.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா... சத்தியமா எனக்குத் தெரியாது... இது எப்படி இதுக்குள்ள..."

"எங்களுக்குத் தெரியும் அண்ணா!" என்று நட்டு கத்தினாள். "தம்பிதான் ஊறப்போட்டான். நீங்க எடுக்கலைன்னு வீட்டுலயே தெரிஞ்சுபோச்சு!"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அத்தை ஒரு அடி முன்னால் வந்தார். பேசாமல் செயினை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். யாரும் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனாலும் அத்தை சொன்னார்.

"தம்பி, இவ சொல்ற வரைக்கும் நீதான் எடுத்தேன்னு நினைச்சேன். போலீசுக்குப் போன் பண்ணப் போனேன். மன்னிச்சுக்கோப்பா."

ஸ்பேனர் அண்ணனுக்கு அது வலித்தது. விரல்களைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

போல்ட்டு டப்பாவை எட்டிப் பார்த்தான். "அண்ணா, நல்லா ஊறிடுச்சா?"

அண்ணனுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "ரொம்ப நல்லா ஊறிடுச்சுடா," என்றார். செயினைச் சோப்புத் தண்ணீரில் அலசினார். அது புதுசு போலப் பளபளத்தது. சின்னக் குறடு ஒன்றை எடுத்து, தொளதொளத்த கொக்கியையும் நெருக்கி அழுத்தி, அத்தையிடம் நீட்டினார்.

"இனி தானாக் கழலாது அக்கா."

சாயங்காலம் வண்டி முழு உருவத்துக்கு வந்தது. ஸ்பேனர் அண்ணனும் பார்க்க வந்திருந்தார். அத்தையே கூப்பிட்டு அனுப்பியிருந்தார். அம்மா ஒரு உதை விட, வண்டி டுபுடுபு என்று உயிர் பெற்றது. புது விளக்கின் வெளிச்சம் எதிர் வீட்டுச் சுவரில் பட்டெனப் பாய்ந்தது. அங்கே தூங்கிக்கொண்டிருந்த பூனை மிரண்டு ஒரே தாவலில் மதிலுக்கு மேல் போய் நின்றது.

அம்மா குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"செயின் மட்டும் கொஞ்சம் தொங்குது. யாராவது வந்து நல்லா இறுக்குங்களேன்!"

போல்ட்டு ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

அத்தை இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார்.