தர்சன் சொல்லாமல் விட்டது

"மலைவேம்புச் சாறு குடிச்சனியோ?"

குசினி வாசலில் நின்று பூரணி மாமி கேட்டபோது ஜெயரூபி சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"ஓம் மாமி, குடிச்சனான்."

குடிக்கவில்லை. கறிவேப்பிலைக் கன்றின் அடியில் ஊற்றிவிட்டாள். குடித்த சாறும், பிடித்த விரதமும், கோயிலில் கட்டிய தொட்டிலும் அவளுக்கு அலுத்துப்போயிருந்தன.

"இண்டைக்கு நீ சாம்பல்தீவுக்கு வராத பிள்ளை. சின்னவன் கஜீபனுக்குக் கலியாண நாள் வைக்கிற நல்ல காரியம். வயிறு திறக்காதவ முன்னுக்கு நிண்டா சனம் கதைக்கும்..." மாமி குரலைத் தணிக்கவில்லை. "பொம்பிளை நிரோஜினியின்ர தாய் ஏழு பெத்தவ. இந்த முறை நிலத்தைப் பாத்துத்தான் எடுத்திருக்கிறன்."

மேசையில் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்த தர்சன் நிமிர்ந்தான். துறைமுகத்தில் மலைபோன்ற பாரங்களைக் கிரேனால் தூக்குகிறவன். வீட்டில் அவனுக்கு ஒரு வார்த்தையைத் தூக்க ஏலாது.

"விடுங்கோவனம்மா," என்றான். பிறகு மனைவியைப் பார்த்து, "சம்பல் கொஞ்சம் போடும்."

ஜெயரூபி சம்பலைப் போட்டாள். அவன் அறைக்குள் போனதும் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.

"தம்பியிட்டைச் சொன்னீங்களோ?"

"இண்டைக்கே சொல்லோணுமோ... நாள் வைச்சாப்பிறகு பாப்பம்."

தைப்பொங்கலுக்கு முன்பு சொன்னதும் இதுதான், சித்திரை வருசப்பிறப்புக்குச் சொன்னதும் இதுதான். அவளில் ஒரு குறையும் இல்லை என்று கொழும்பு டொக்டர் சொல்லி ஒரு வருடம் கழிந்திருந்தது. தர்சனின் நிறமூர்த்தங்களில், அதாவது குரோமோசோம்களில், இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆளுக்கு எந்த வருத்தமும் தராது, ஆனால் அதனால்தான் விந்தணு இவ்வளவு குறைவு என்றார். பெரும்பாலும் தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வருவது, கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்கலாம், தம்பி கல்யாணத்துக்கு முதல் ஒருக்கா இரத்தம் சோதிப்பது நல்லது என்றும் சொன்னார். திரும்பி வந்த பஸ்ஸில் தர்சன் அவள் தோளில் முகத்தைப் புதைத்து அழுதான். அம்மா அறியக்கூடாது என்று கெஞ்சினான். அவளும் இரங்கினாள். மலடி என்ற பெயரைத் தானே சுமந்தாள்.

"எனக்கு விழுந்த ஏச்சு என்னோட போகட்டும்," என்றாள் ஜெயரூபி. "நாளைக்கு அந்தப் பிள்ளையும் இந்தக் குசினியில நிண்டு மலைவேம்புச் சாறு குடிக்கிறதோ? அதைப் பாத்துக்கொண்டிருக்க என்னால ஏலாது."

தர்சன் சேட்டுப் பொத்தானைப் பூட்டினான். ஒன்றைத் தவறவிட்டுப் பூட்டியிருந்தான். அதைக்கூட அவள் திருத்தவில்லை.

நேரே விறாந்தைக்குப் போனாள். கஜீபன் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் சொல்ல வேண்டியதை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். அவன் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

உள்ளேயிருந்து மாமி பாய்ந்து வந்தாள்.

"தன்ர குறையை என்ர பிள்ளையில சாத்துறாள் பார். என்ர பரம்பரையில அப்பிடி ஒருத்தனும் இல்லை. தர்சன், என்னடா பேசாமல் நிக்கிறாய், சொல்லடா."

எல்லோரும் வாசலில் நின்ற தர்சனைப் பார்த்தார்கள். அவன் நிலத்தைப் பார்த்தான். தவறவிட்ட பொத்தானைத் தடவினான்.

ஜெயரூபி உள்ளே போய் இரண்டு சேலைகளைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். படலையில் கை வைத்தபோதுதான் பின்னாலிருந்து உடைந்த குரல் கேட்டது.

"அவ சொன்னது உண்மையம்மா. குறை எனக்குத்தான்."

அவள் திரும்பினாள். கண்கள் நிறைந்துவிட்டன, குரல் மட்டும் நடுங்கவில்லை.

"உங்கட உடம்பில எனக்குக் கோவமில்லை. அது நீங்கள் கேட்டு வாங்கினதில்லை. நான் ஏச்சு வாங்கேக்க நீங்கள் சம்பல் கேட்டீங்களே... அதுதான் எனக்குத் தாங்கேலாது."

பூரணி மாமி கதிரையைத் தடவிப் பிடித்து அதில் அமர்ந்தாள்.

"தாயிட்டயிருந்து வரும் எண்டோ சொன்னவர்?"

"தாயோ தகப்பனோ, ஆரெண்டு தெரியாது மாமி. தாய்க்கு இருந்தால் சில வேளை பிள்ளை தங்காமல் போகுமாம். மாமிக்கு இடையில ஏதும் கலைஞ்சதோ எண்டு கேட்டவர். எங்களுக்குத் தெரியாது எண்டனாங்கள்."

மாமி சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டினாள்.

"தர்சனுக்கும் கஜீபனுக்கும் நடுவில மூண்டு போனது," என்றாள். "ஆருக்கும் சொல்லயில்லை. அன்னாசி திண்டதாலயோ, தண்ணி தூக்கினதாலயோ எண்டு இண்டைவரைக்கும் யோசிச்சுக்கொண்டிருக்கிறன். தங்காத வயிறெண்டு என்ர மாமி என்னை ஏசாத ஏச்சில்லை..." சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கினாள். "அதே ஏச்சை நான் உனக்கு ஏசியிருக்கிறன் பிள்ளை."

ஜெயரூபிக்குப் பையைக் கீழே வைக்க மனமில்லை. ஆனாலும் கால் தானாகப் போனது. முழந்தாளிட்டு மாமியைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னாசியுமில்லை, தண்ணியுமில்லை மாமி. நீங்கள் ஒண்டும் செய்யயில்லை."

அதைக் கேட்ட பிறகுதான் மாமி வாய்விட்டு அழுதாள்.

கஜீபன் அருகில் வந்தான். "நான் முதல்ல டெஸ்ட் செய்யிறன், அண்ணி. கலியாண நாளைப் பிறகு வைப்பம். எனக்கு அது இருந்தாலும் இல்லாட்டியும் நிரோஜினிக்குத் தெரியோணும்."

"அப்ப அவையிட்ட ஆர் சொல்லுறது? அங்க சமைச்சு வைச்சுப் பாத்துக்கொண்டிருப்பினம்."

மாமி கேட்டதும் கஜீபன் போனை எடுத்துத் தமையனிடம் நீட்டினான். தர்சன் அதை வாங்கி, ஒருமுறை பார்த்துவிட்டுத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்தான்.

பூரணி மாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். செருப்பைத் தேடி மாட்டினாள்.

"வா பிள்ளை. இவங்களை நம்பினால் அடுத்த வருசம்தான் சொல்லுவாங்கள். சாம்பல்தீவில இறங்கி நாங்களே கதைப்பம்."

"நான் இறக்கக்கண்டிக்கு, அம்மா வீட்டை போறன் மாமி. உடன திரும்பி வரமாட்டன்."

"வரச் சொன்னனானோ? எனக்கும் ஒரு பாய் போடச் சொல்லு."

தர்சன் படலைவரை ஓடி வந்தான். "அப்ப மத்தியானச் சாப்பாடு..."

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வாயை மூடிக்கொண்டான். சாம்பல்தீவு வழியாக நிலாவெளிப் பக்கம் போகும் பஸ் வந்தது. மாமி முதலில் ஏறி, மருமகளுக்குக் கை கொடுத்தாள்.