இரண்டாம் அறை எலிகள்

"ஒரே மருந்து, ஒரே அளவு. ஒரு அறையில எலி சாகுது, இன்னொண்ணுல கொழுக்குது," என்றாள் மருந்து நிறுவனத்தின் முதலாளியம்மாள், துப்பறிவாளரிடம். "திங்கட்கிழமை இதை மனுஷங்களுக்குக் குடுக்கணும். நான் யாரை நம்பறது?"

முதல் அறை இளம் ஆராய்ச்சிக்காரியுடையது. மூன்று வாரமாக அவள் பாதி எலிகளுக்கு மருந்தும் மீதிக்கு வெறும் தண்ணீரும் கொடுத்துவந்தாள். மருந்துப் பக்கம் பல செத்தன. இரண்டாம் அறையில் எல்லாமே மருந்து எலிகள். தலைமை விஞ்ஞானியின் பொறுப்பு. அங்கே ஒன்றும் சாகவில்லை. 'குழாய் செலுத்தத் தெரியாமல் கொன்றுவிட்டாள். வேலையை விட்டு நீக்கலாம்' என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

"லஞ்சம்தான், மாமா!" என்றான் துப்பறிவாளரின் மைத்துனன். அவனுக்கு வழக்கு அதற்குள் முடிந்துவிட்டது.

"மாப்ள, வாயை மூடிட்டு கையுறையைப் போடு."

முதல் அறையில் அந்தப் பெண் தண்ணீர் எலிகளின் கூண்டைத் திறந்தாள். மருந்தோ தண்ணீரோ, தினமும் ஒவ்வொரு எலியையும் கையில் பிடித்து, வாய் வழியே மெல்லிய குழாயை இறக்கித்தான் கொடுக்கவேண்டும் என்றாள். மைத்துனன் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்றைத் தூக்கினான். அது அவன் கட்டைவிரலை முகர்ந்துவிட்டு உள்ளங்கையில் உட்கார்ந்துகொண்டது.

"உன்னைவிட சமத்து," என்றார் துப்பறிவாளர்.

இரண்டாம் அறை வாசலில், மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டில் விஞ்ஞானி நின்றார். "தினமும் என் கையாலேயே குடுத்தேன். வேற யாரையும் உள்ள விடலை. இதெல்லாம் உங்களுக்குப் புரியாது."

"புரியாதுதான். ஒண்ணைத் தூக்கிக் காட்டுங்களேன்."

"எனக்கு மீட்டிங் இருக்கு."

"இருக்கட்டும்," என்றாள் முதலாளியம்மாள். "தூக்குங்க."

மூடி திறந்ததும் எலிகள் கீச்சிட்டுக்கொண்டு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. விஞ்ஞானியின் கை உள்ளே போனது. அடுத்த நொடி அவர் அலறியபடி நாற்காலிமேல் நின்றார். விரலில் ரத்தம்.

"எலி யாரையும் கடிக்கும். மாப்ள, நீ முயற்சி பண்ணு."

முதல் அறை வெற்றியின் மிதப்பில் மைத்துனன் கையை நீட்டினான். அதே கூச்சல். பல் படுமுன் பிடுங்கிக்கொண்டான்.

"அந்த அறை எலிக்கும் இவன் புது ஆள்தான்," என்றார் துப்பறிவாளர். "ஆனா அது தினமும் மனுஷக் கை பட்டுப் பழகினது. இதுங்க மேல கையே பட்டதில்ல. கை படாம மருந்து எப்படி உள்ள போச்சு?"

"அங்க இருக்கறது சீக்கு எலி! அதான் சும்மா கெடக்கு!" என்று நாற்காலிமேலிருந்தே கத்தினார் விஞ்ஞானி.

"மாப்ள தூக்கினது தண்ணி எலி. அதுல ஒண்ணுகூட சாகல. அதே பொண்ணு, அதே குழாய். குழாய்தான் கொன்னுச்சுன்னா அதுங்களும் செத்திருக்கணும். இதைக்கூட யோசிக்காம ஒரு பொண்ணோட பொழப்புல மண்ணைப் போடப் பாத்தீங்க."

"எவ்வளவு வாங்கினார், மாமா?" என்றான் மைத்துனன் ஆவலாக.

"காலணா கூட இல்ல. நாற்காலி மேல நிக்கிறாரே, தெரியல? எலின்னா பயம்."

"முன்னாடியே சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேனே, சார்," என்றாள் அந்தப் பெண்.

முதலாளியம்மாள் அவரை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. போனில் பேசினாள்: "திங்கட்கிழமை யாரும் வரவேண்டாம்னு சொல்லிடுங்க. இந்த மருந்து கொல்லுது."

விஞ்ஞானி விரலைப் பிடித்தபடி மெல்லக் கேட்டார்: "எனக்கு... ஏதாவது ஆயிடுமா?"

"பயப்படாதீங்க," என்றார் துப்பறிவாளர். "அந்த எலி உடம்புல ஒரு சொட்டு மருந்தும் இல்லன்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்?"