ஆட்டம் ஏன் திக்குகிறது?

கன்னத்துக்குப் பவுடர் போடும் என் பிரஷ்ஷைத்தான் அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டார்.

கம்ப்யூட்டர் ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதாம். கேம் திக்குவது அதனால்தானோ என்று சந்தேகமாம். மெல்லிசான பிரஷ் வேண்டுமாம்.

"உங்க மின்மினிகிட்ட கேளுங்க. நல்லதா வெச்சிருப்பா."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிரஷ்ஷை மேசைமேல் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

நான் ஆஸ்பத்திரி பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். அன்று அவருக்கு விடுமுறை.

சாயங்காலம் திரும்பி வந்து மாடிப்படி ஏறும்போதே உள்ளே அவருடைய போன் அடிப்பது கேட்டது.

அடித்தது... நின்றது... மறுபடியும் அடித்தது.

எடுக்க வேண்டியவர் தரையில் கிடந்தார்.

கையில் ஸ்க்ரூடிரைவர். மேசைமேல் கம்ப்யூட்டர் பெட்டி பக்கவாட்டில் படுத்திருந்தது. அதன் பவர் சப்ளை மூடி கழற்றப்பட்டிருந்தது. பக்கத்தில் நாலு ஸ்க்ரூ. வயர் சுவரில் சொருகியிருந்தது. சுவிட்ச் போட்டபடியே இருந்தது.

அதை அணைத்துவிட்டு மணிக்கட்டைத் தொட்டேன். தினமும் நாடி தேடிப் பழகிய விரல்கள். எனக்காக அவை பொய் சொல்லவில்லை.

போன் மறுபடி அடித்தது. திரையில் அதே பெயர்.

மின்மினி!

அவளை நான் பார்த்ததே இல்லை. குரல்தான் தெரியும். அவருடைய கேம் அணியில் ஐந்து பேர். அதில் அவள்தான் கேப்டன். ஹெட்போனை அவர் கழுத்துக்கு இறக்கினால் அந்தக் குரல் அறைக்குள் கசியும். பயப்படாதே, நான் இருக்கிறேன், என் பின்னாலேயே வா என்று சொல்லும். குழைவான குரல். கட்டின பெண்டாட்டி சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாத மனிதருக்கு அது மட்டும் முதல் எழுத்திலேயே விழும்.

நான் சாப்பாட்டுத் தட்டை டங்கென்று வைப்பேன்.

நான் போனை எடுக்கவில்லை. என் அண்ணனைக் கூப்பிட்டேன்.

அண்ணனுக்குக் கம்ப்யூட்டர் கடை. அந்தப் பெட்டியைக் கட்டிக்கொடுத்ததே அவன்தான். வந்தான். பார்த்தான். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். போலீஸுக்குச் சொன்னதும் அவன்தான்.

இன்ஸ்பெக்டர் அதிகம் பேசாதவர். அந்தக் கேம் என்ன, ஏன் பெட்டியைத் திறந்தார் என்று மட்டும் கேட்டார். அண்ணன் விளக்கினான். சட்டென்று திரும்பும்போது படம் ஒரு கணம் உறையும். அப்புறம் துள்ளும். அந்த ஒரு கணத்தில் எதிராளி சுட்டுவிடுவான். ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. அதற்குள் சரிசெய்ய வேண்டும் என்று மாப்பிள்ளை துடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணனும் எவ்வளவோ முயன்றானாம். படம் காட்டும் டிரைவர் மென்பொருளை அழித்துப் புதிதாகப் போட்டான். சூடு இறங்கப் பசை மாற்றினான். கேமில் தெரியும் நிழல், புகை, தண்ணீர் எல்லாவற்றின் தரத்தையும் குறைத்தான். பின்னணியில் ஓடும் புரோகிராம்களை ஒன்றொன்றாக நிறுத்தினான். திக்கல் போகவில்லை.

"எத்தன தடவ சொல்லியிருப்பேன் சார், பவர் சப்ளையத் திறக்காதீங்க மாப்பிள்ளைன்னு. ஷாக் அடிச்சிருக்கு."

"அடிச்சிருக்காது" என்றேன்.

இருவரும் திரும்பினார்கள்.

"வயரைப் பிடுங்காம அவர் பெட்டியத் தொடவே மாட்டார் சார். பிடுங்கி கழுத்துல மாட்டிக்குவார், டாக்டர் மாதிரி. நான் கேலி பண்ணுவேன்."

இன்ஸ்பெக்டர் சுவரில் இருந்த பிளக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

பிரேதப் பரிசோதனை நான் சொன்னதையே சொன்னது. ஷாக் இல்லை. பின்மண்டையில் அடி. இரும்பு அலமாரியின் முனையில் தலை மோதியிருக்கிறது. மோதும் அளவுக்கு யாரோ தள்ளியிருக்கிறார்கள். பிறகு பெட்டியைத் திறந்து, கையில் ஸ்க்ரூடிரைவரைச் சொருகி, நாடகம் போட்டிருக்கிறார்கள்.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?"

"இருக்கு. மின்மினி."

அண்ணனும் அதையே சொன்னான். யார், எவர் என்று தெரியாத பொம்பளை, விடாமல் போன் பண்ணுகிறாள், கூப்பிட்டு விசாரியுங்கள் என்றான். எனக்கு ஆறுதலாக இருந்தது. கூடப்பிறந்தவன் என்றால் சும்மாவா?

அடுத்த நாள் அவளை வீட்டுக்கே வரவழைத்திருப்பதாக இன்ஸ்பெக்டர் சொன்னார்.

துக்க வீடு. ஆனாலும் நான் எழுந்துபோய்க் கண்ணாடி பார்த்தேன். தலைமுடியைச் சரிசெய்தேன். அவள் எப்படி இருப்பாளோ! அவள் எதிரில் அழுது வீங்கின மூஞ்சியோடு நிற்பதா?

படியில் சத்தம் கேட்டது. டக்... டக்... ஹைஹீல்ஸ் என்று நினைத்தேன்.

கைத்தடி.

இரண்டு போலீஸ்காரர்கள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். முழுக்க நரைத்த தலை. தடித்த கண்ணாடி. ஓய்வுபெற்ற பல் டாக்டராம். என் அம்மா உயிரோடு இருந்தால் இவருக்குத் தங்கை வயதில்தான் இருந்திருப்பாள்.

நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா அவன் பொண்டாட்டி? உன்னப் பத்திப் பேசாம ஒரு ஆட்டம் ஆடினதில்ல அவன். எங்களுக்கெல்லாம் எரிச்சலா வரும்."

அதே குழைவான குரல்!

இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த எரிச்சலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"அன்னைக்கு மத்தியானம் கூப்பிட்டான்" என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார் பல் டாக்டர். "திக்கறதுக்குக் காரணம் கண்டுபிடிச்சிட்டேன்னான். மெமரியக் கழட்டிப் பார்த்திருக்கான். மேல இருக்கிற உறை மட்டும்தான் அவன் வாங்கினதாம். உள்ள எதோ பழசு. யாரோ மாத்தியிருக்காங்க."

"யாருன்னு சொன்னாரா?"

"சொல்லல. வரச் சொல்லியிருக்கேன், நேருக்கு நேரா கேக்கணும்னான். அப்புறம் நான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். எடுக்கவே இல்ல."

இன்ஸ்பெக்டர் அண்ணனிடம் மரியாதையாகவே கேட்டார். இதெல்லாம் எங்களுக்குப் புரியாது, நீங்களே கழற்றிக் காட்டிவிடுங்கள் என்றார்.

அண்ணன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மேசைக்குப் போனான். மெமரி என்பது கேமுக்கு வேண்டியதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்துக் கொடுக்கும் பட்டை என்று சொல்லிக்கொண்டே ஒரு பட்டையை உருவினான். அதன் உறையில் நாலு பொடி ஸ்க்ரூ. ஒவ்வொன்றாகக் கழற்றினான். உறையைப் பிரித்தான்.

"பழசுதான் சார். எந்தப் பாவி மாத்தினானோ..."

எல்லாரும் அவன் கையிலிருந்த பட்டையைப் பார்த்தார்கள்.

நான் மேசையைப் பார்த்தேன்.

நாலு ஸ்க்ரூவும் தலைகீழாக நின்றன. மேலே இரண்டு. கீழே இரண்டு. உறையில் எந்த ஓட்டை எங்கே இருந்ததோ, மேசையில் அந்த ஸ்க்ரூ அங்கே.

சின்ன வயதில் சுவர்க்கடிகாரத்தைப் பிரிக்கும்போதும் இப்படித்தான் நிற்க வைப்பான். ஒன்றை நான் நகர்த்திவிட்டால் குட்டு விழும்.

என் கணவர் ஸ்க்ரூவைக் கழற்றினால் வாயில் கவ்விக்கொள்வார். முழுங்கித் தொலைக்கப்போறீங்க என்று நான் கத்துவேன்.

அவர் பிணத்துக்குப் பக்கத்தில், பவர் சப்ளை ஸ்க்ரூ நாலும் மேசைமேல் தலைகீழாக நின்றன. மேலே இரண்டு. கீழே இரண்டு.

நான் பார்த்தேன். பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

இப்போதும் அப்படியே இருந்துவிடலாம். வேறு யாருக்கும் இது தெரியாது. கணவர் போய்விட்டார். எனக்கென்று மிச்சம் இருப்பது இந்த ஒருவன்தான். வாயை மூடிக்கொண்டால் அண்ணன் இருப்பான்.

மூட முடியவில்லை.

"அண்ணா... அன்னைக்கும் இப்படித்தான் வெச்சியா?"

"எப்பவும் இப்படித்தானே பாப்பா வெ..."

நிறுத்திக்கொண்டான். ஸ்க்ரூக்களைப் பார்த்தான். தன் விரல்களைப் பார்த்தான், வேறு யாருடைய விரல்களையோ பார்ப்பதுபோல.

இன்ஸ்பெக்டர் ஃபைலிலிருந்து அன்று எடுத்த போட்டோவை உருவி, அந்த நாலு ஸ்க்ரூவுக்கும் பக்கத்தில் வைத்தார்.

அண்ணன் மறுக்கவில்லை. மின்மினி அணிக்கு வருவதற்கு முன்பு, என் கணவர் ஆடிய இடம் அண்ணனுடையது. தேர்வு ஆட்டத்தில் அதை இழந்தான். அதுதான் வினை.

"திக்குற மெஷின்ல ஆடினான் பாப்பா. நான் கடையிலயே நல்ல மெஷின்ல உக்காந்து ஆடினேன். திக்கித் திக்கியே என்ன ஜெயிச்சான்."

அப்புறம்தான் உள்ளே இருந்ததை மாற்றி வைத்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் சரிசெய்ய வந்து, அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சரிபார்த்திருக்கிறான்.

"நேருக்கு நேரா கேட்டுட்டார்னா, அதுக்காகக் கொலையாய்யா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சண்டை போட்டிருந்தா விட்டிருப்பேன் சார். 'என் இடம் வேணும்னா நீங்களே எடுத்துக்கங்க மச்சான்'னான். பிச்ச போடற மாதிரி."

தள்ளியிருக்கிறான். ஒரே ஒரு தள்ளு.

கூட்டிக்கொண்டு போகும்போது வாசலில் நின்று திரும்பினான். மாற்றியது நான்தான், ஆனால் திக்கல் அதற்கு முன்பே இருந்தது, அது ஏன் என்று சத்தியமாக எனக்கும் புரியவில்லை என்றான். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. கொலைகாரன் பேச்சை யார் நம்புவார்கள்?

அசல் மெமரி பட்டைகள் அண்ணன் கடையில், அவன் ஆடுகிற கம்ப்யூட்டருக்குள் இருந்தன. வழக்கு முடிந்ததும் கோர்ட்டிலிருந்து என் கைக்கு வந்தன. பல் டாக்டரம்மா மறுபடியும் படியேறி வந்து, பல் பொருத்துகிற பக்குவத்தோடு அவற்றைப் பொருத்தினார். ஃபேனைத் துடைத்தார். எல்லா டிரைவரையும் புதிதாகப் போட்டார்.

என் கணவரின் ஹெட்போனை நான் மாட்டிக்கொண்டேன். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"பயப்படாத. நான் இருக்கேன். சட்டுனு திரும்பு பார்ப்போம்."

திரும்பினேன்.

படம் ஒரு கணம் உறைந்தது. அப்புறம் துள்ளியது.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கேம் இன்றுவரை திக்கிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த ஒரு கேஸில் மட்டும் இன்னும் யாரும் கைதாகவில்லை.