மூன்றாம் ஓலை

"யாரும் எந்திரிச்சுத் தடை சொல்லல. ஆனா ஒரு இருமல் கேட்டுச்சு."

"குளிர்காலத்துல கோயில்ல இருமாதவங்க யாரு அக்கா?"

"உள்ள இல்லடி. வடக்கு வாசலுக்கு வெளிய. தண்ணி புரையேறின மாதிரி. உன் மாப்பிள்ளையத் தவிர எல்லாரும் திரும்பிப் பாத்தோம்."

டாப்னியம்மா தேநீரை முடித்துக்கொண்டு போய்விட்டாள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பாதிரியார் தேவாலயத்தில் கல்யாண ஓலை வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்பார். தனக்காக வாசிக்கப்படும் அந்த ஓலையை மணப்பெண் தன் காதால் கேட்டால் பிறக்கும் பிள்ளை ஊமையாகும் என்று தோர்ன்மியர் ஊரில் எல்லோரும் நம்பினார்கள். அதனால் மூன்று ஞாயிறும் ஹெஸ்டர் தன் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். செய்தி சொல்லப் பக்கத்துப் பண்ணை டாப்னியம்மா வர வேண்டும்.

கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டிய வீடு அது. ஹெஸ்டர் துணி தைத்துப் பிழைப்பவள். ஏதாவது கல்யாணத்துக்குச் சாட்சி குறைந்தால் கோயில் ஊழியர் வந்து அவள் ஜன்னலைத்தான் தட்டுவார். அவள் வாயில் கவ்விய குண்டூசிகளைத் துப்பிவிட்டு ஓடுவாள். ஊர்க் கல்யாணப் பதிவேட்டில் பக்கத்துக்குப் பக்கம் அவள் பெயர் இருந்தது, எல்லாமே சாட்சிக் கையெழுத்து. இப்போது அவளைக் கட்டப்போகும் ஜேபஸுக்கும் லெட்டிக்கும் முன்பு நடந்த கல்யாணத்திலும் அப்படித்தான். லெட்டிக்கு எழுதத் தெரியாது. சிலுவைக்குறி போட்டுவிட்டு, விரலில் ஒட்டிய மையைப் பார்த்துச் சிரித்தாள்.

அடுத்த குளிர்காலத்தில் லெட்டி காணாமல் போனாள். பெரிய வாய்க்காலின் நாணலில் அவளுடைய சால்வை மட்டும் கிடைத்தது. ஏழு வருடம் கழிந்துவிட்டதால் ஜேபஸ் மறுமணம் செய்துகொள்ளலாம் என்றார் பாதிரியார். ஜேபஸ் தன் நிலத்தைத் தானே உழுகிறவன், அதிகம் பேசாதவன். அவன் வந்து கேட்ட அன்றுவரை ஹெஸ்டர் இரவுச் சாப்பாட்டைத் துணி மாட்டும் மரப் பொம்மைக்கு எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் ஞாயிறும் இருமல் கேட்டதாம். இந்த முறை கல்லறைத் தோட்டத்து வாசலில், ஹெஸ்டரின் வீட்டுப் பக்கமாக. நரியாக இருக்கும் என்று ஜேபஸ் சொன்னானாம். "நரிக்கு உன் கல்யாணத்துல என்னடி அவ்வளவு அக்கறை?" என்றாள் டாப்னியம்மா. ஹெஸ்டர் சிரித்தாள். அன்று மாலை ஜேபஸ் வந்தபோது அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. கேட்டால் அவன் ஏதாவது பதில் சொல்லிவிடுவான். அதன்பின் மறுபடியும் அந்த மரப் பொம்மைதான்.

மூன்றாம் ஞாயிறு காலையில் சதுப்பிலிருந்து எழுந்த மூடுபனி வயலையும் வேலியையும் விழுங்கி, கல்லறைக் கற்களை ஒவ்வொன்றாக மறைத்து, கடைசியில் ஜன்னல் கண்ணாடியில் வந்து ஈரத் துணிபோல் ஒட்டிக்கொண்டது. தேவாலய மணி ஓய்ந்தது. ஊர் முழுவதும் இப்போது உள்ளே இருக்கும். ஹெஸ்டர் கல்யாண உடுப்பின் விளிம்பைத் தைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் கரி உடைகிற சத்தம், துணியை ஊசி துளைக்கிற சத்தம், அவற்றுக்கு அடியில் எங்கோ தூரத்தில் செங்கல் பாதையில் கனமான இரும்பு எதையோ இழுத்து வருகிற சத்தம். பண்ணையாள் யாராவதாக இருக்கும் என்று நினைத்தாள். இந்த நேரத்தில் எந்தப் பண்ணையாளும் வெளியே இருக்க மாட்டான் என்பதும் உடனே நினைவுக்கு வந்தது.

இழுபடும். நிற்கும். மறுபடி இழுபடும்.

பிறகு வாடை. வாய்க்காலின் அடிச்சேறு, அழுகிய நாணல்.

கொல்லைக் கதவுக்கு வெளியே இருமல்.

தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. எழுந்து போட வேண்டும் என்று நினைத்தாள். கதவு உள்பக்கமாக மெதுவாகச் சாய்ந்தது. வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் முதலில் வந்தது. கறுப்பாக. தரைக்கல்லின் இடுக்குகளில் பரவி, அவள் செருப்பைத் தொட்டது.

படியில் லெட்டி நின்றிருந்தாள்.

முகம் வீங்கி வெளுத்திருந்தது. கண் இருந்த இடத்தில் பாசி. இடுப்பைச் சுற்றிக் கயிறு. கயிற்றின் மறுமுனையில், துருவேறிய கலப்பைக் கொழு.

வாய் திறந்தது. நத்தைகள் உதிர்ந்தன. தேவாலயத்தில் பாடல் முடிந்தது. இனிப் பாதிரியார் ஓலையை எடுப்பார்.

"ஹெஸ்டர் அக்கா." குரல் மட்டும் பழைய குரல்தான், சின்னப் பெண்ணின் குரல். "என்னால கோயிலுக்குள்ள போக முடியல. ரெண்டு வாரமும் போய்ப் பாத்தேன். யாருக்கும் புரியல."

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கல்யாண உடுப்பின் விளிம்பு கறுத்தது. ஹெஸ்டரின் மணிக்கட்டின்மேல் ஒரு கை வந்து விழுந்தது. தோல் கழன்று, உறைபோல் தொங்கிய கை.

"நீங்க போங்கக்கா. நான் இன்னும் சாகலன்னு அவங்ககிட்ட சொல்லுங்க."