மூடாத வளையம்

டீ உப்புக் கரித்தது. சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டது இம்ரான்தான் என்று அம்மா நசீரா தீர்ப்பு சொன்னாள். அந்த வீட்டில் எது கெட்டாலும் முதல் குற்றவாளி அவன்தான். பிறகு பல் தேய்த்த வாயும் கரித்தது. உத்திரமேரூரிலிருந்து கடலுக்குப் போக பஸ் மாறிப் போக வேண்டும்; கடல் எப்படி நேராக வந்தது என்று யாரும் கேட்கவில்லை. "போர் தண்ணி கெட்டுப்போச்சு" என்று அப்பா சனாவுல்லா முடிவு கட்டி, குடும்பத்தோடு காஞ்சிபுரத்தில் ஒரு நிக்காஹ்வுக்குக் கிளம்பினார்.

இம்ரான் போகவில்லை. சுட்ட கத்தரிக்காய் மாதிரி முதுகு உரிந்து, சட்டை போட முடியாமல் கிடந்தான். அது அவன் ஒழுக்கத்துக்குக் கிடைத்த பரிசு.

ராமேஸ்வரம் பக்கத்து விரிகுடாவுக்குக் கல்லூரிக் குழு, வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு மிதந்து கடலடி பார்க்கும் ஸ்நோர்கெலிங்குக்குப் போனபோது, வழிகாட்டி ஷாரோன் சொன்ன விதிகளைப் பரீட்சைக்குக்கூடக் காட்டாத அக்கறையோடு அவன் கடைப்பிடித்தான். சன்ஸ்கிரீன் பவளப்பாறைக்கு ஆகாது, பூசவில்லை. கால் ஊன்றாதே, எதையும் தொடாதே, ஜோடியின் கையை விடாதே. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்தால் 'நான் நல்லா இருக்கேன், நீ?' என்று அர்த்தம். பதில் வளையம் காட்டியே ஆக வேண்டும். "ஒருத்தர் தப்புப் பண்ணா ரெண்டு பேரும்தான் பொறுப்பு" என்றாள் ஷாரோன்.

அவன் ஜோடி காவாந்தண்டலத்து அரவிந்தன். ஏனாத்தூர் கல்லூரி கேன்டீனில் ஒரே தட்டில் சாப்பிடுபவன். தண்ணீர் கலங்கி முகம் தெரியாமல் போன பிறகும், சில்லென்று சொரசொரத்த அந்தக் கை இம்ரானின் கையை விடவில்லை. நடுவில் ஒருமுறை வெடுக்கென்று துடித்தது. மீன் கடித்திருக்கும் என்று நினைத்து, ஆறுதலாக அழுத்திக் கொடுத்தான். 'நட்புன்னா இதான்' என்று அன்றைக்கு ஸ்டேட்டஸ்கூடப் போட்டான்.

அந்தி மக்ரிப் பாங்கு ஓய்ந்தபோது கரன்ட் போனது. வீடு முழுக்க ஈரத் துணியும் அழுகிய பாசியும் கலந்த வாடை மெல்லப் பரவ, வாசல் கதவுக்கும் கேட்டுக்கும் நடுவில் தரைக்கடியிலிருந்த தண்ணீர் சம்ப்பிலிருந்து, யாரோ ரப்பர் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு நிதானமாக மூச்சை இழுத்து விடுவது போன்ற ஓசை கேட்டது.

போன் அடித்தது. அரவிந்தன்.

"மச்சி, வூட்ல தனியாவா கீற?"

"ஆமா. இன்னாடா, குரல் ஒரு மாதிரி கீது?"

"உங்க வூட்டுத் தண்ணி உப்பா கீதா?"

இம்ரான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"எங்க வூட்ல நேத்து வரைக்கும் உப்பு. இன்னிக்கு நல்லாயிடுச்சு." அரவிந்தன் குரலைத் தாழ்த்தினான். "ராமேஸ்வரத்துல ஒரு பவளக் கிளைய ஒடச்சேன்டா. அச்சு அசலா வெரல் மாதிரி. செக் பண்ணுவாங்கன்னு உன் பைல வச்சேன். நீதான் உத்தமனாச்சே, எவன் தொறப்பான்? பஸ்ல எடுத்து நம்ம கிளாஸ் கீர்த்திக்குக் குடுத்துட்டேன்."

"அத்த வாங்கினு வாடா!"

"ஒடச்சு கம்மல் பண்ணிக்கிச்சுடா அந்தப் பொண்ணு. நேத்து எங்க தண்ணித் தொட்டிலேந்து ஒண்ணு, அது எங்கன்னு கேட்டுச்சு. உன் பைல கீதுன்னு சொல்லிட்டேன். உன் வூட்டுக்கு வழியும் சொல்லிட்டேன். மன்ச்சிக்கோ மச்சி."

"டேய், நீ எப்படா ஒடச்ச? கரை வரைக்கும் என் கையப் புட்ச்சிக்கினுதான வந்த?"

"இல்லியேடா. கலங்கினதுமே வுட்டுட்டுப் போய்ட்டேன். அப்புறம் உன்னக் கரைலதான் பாத்தேன்."

அழைப்பு அறுந்தது. இம்ரான் திரும்ப அடித்தான். சுவிட்ச் ஆஃப்.

பையைக் கவிழ்த்தான். மாஸ்க். குழாய். ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். வேறு எதுவும் இல்லை.

வீட்டுக்குப் பின்கதவு கிடையாது. சம்ப் மூடியை மிதித்துத்தான் தெருவுக்குப் போக முடியும்.

கதவைத் திறந்தான்.

சம்ப்புக்குள் கேட்ட மூச்சு நின்றது.

மூடி நகர்ந்திருந்தது. விளிம்பைத் தாண்டி ஒரு கை. வெளுப்பு. சொரசொரப்பு. அவனுக்குப் பழக்கமான கை.

கட்டைவிரலை வளைத்தது. ஆள்காட்டி விரல் இருக்க வேண்டிய இடத்தில், ஒடித்த சுண்ணாம்புக்கட்டி மாதிரி ஒரு மொட்டை. வளையம் சேரவில்லை. மறுபடி வளைத்தது. சேரவில்லை.

அவன் ஓடினான். மூடியைத் தாண்டும்போது அது அவன் கையைப் பிடித்தது. அன்றைக்குப் போலவே, விடாமல். பிறகு அவனுடைய ஆள்காட்டி விரலை, அடியிலிருந்து நுனிவரை, மெல்லத் தடவி அளவு பார்த்தது.