எக்ஸில்டா அத்தையின் விறகு

நிலவறையில், விறகு உலைக்கு முன்னால், சிமென்ட் தரை நனைந்திருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன ஈரத் திட்டுகள். பனியில் நடந்து வந்த யாரோ அங்கே வெகுநேரம் நின்றதில், பூட்ஸில் ஒட்டிய பனி உருகி வடிந்தது போல. ஓனில் மேலே ஓடிய தண்ணீர்க் குழாயைத் தடவிப் பார்த்தான். காய்ந்து கிடந்தது. உலையில் ஒழுக எதுவுமே இல்லை. அது காற்றைச் சூடாக்கி வீட்டுக்குள் அனுப்பும் வகை. இருந்தும் அதையும் சுற்றிச் சுற்றித் தடவினான். பிறகு பழந்துணியால் தரையைத் துடைத்தான். அந்த உலையைப் பற்றி மனைவி லொரேனிடம் சொல்லாமல் வைத்திருந்த விஷயங்களோடு இதுவும் சேர்ந்தது.

கோடையில் உலை வாங்கப் போனபோதே கடைக்காரர் தெளிவாகச் சொல்லியிருந்தார். மூன்று உலைகளையும் திறந்து காட்டி, உன் வீட்டுக்குச் சின்னது போதும், பெரியதை வாங்கினால் காற்றை அடைத்தே எரிக்க வேண்டிவரும், அது புகைந்துகொண்டே கிடந்து விறகைத் தின்னும், புகைபோக்கியெல்லாம் தார் அப்பும் என்றார். லொரேனும் சின்னதைத்தான் காட்டினாள். ஆனால் அவள் தம்பி ரெனால் கூட வந்திருந்தான். சின்ன உலையைக் காலால் தட்டி, "இதுல முட்டை அவிக்கலாம் மச்சான்" என்று சிரித்தான். அவ்வளவுதான். இருப்பதிலேயே பெரியதை வாங்கி வந்தான் ஓனில். ஆள் வைக்காமல் தானே பொருத்தினான். தகரக் குழாய்களை அறை அறையாக இழுத்து, தரையில் ஓட்டை போட்டு, இரும்புச் சல்லடை பதித்தான். உலை காற்றை உறிஞ்சும் வாயை மட்டும் நிலவறையிலேயே வைக்காதே, அங்குள்ள வாசனையும் சத்தமும் வீடு முழுக்கச் சுற்றும் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மேலே வரை குழாய் இழுக்கச் சோம்பல். அங்கேயே வைத்தான்.

குளிர்காலம் பாதி தாண்டுவதற்குள் அவன் விறகுக் கொட்டகை காலியாகிவிட்டது. ரெனாலிடம் கேட்டிருக்கலாம். ஊரில் யாரிடம் கேட்டிருந்தாலும் ஒரு வண்டி கொண்டுவந்து கொட்டியிருப்பார்கள். கேட்டால் ஏன் தீர்ந்தது என்று கேட்பார்கள். வசந்தம் வரைக்கும் அவன் உலைதான் ஊர் வாய்க்கு அவல். அதற்குப் பதில் அவன், பக்கத்தில் தனியாக இருந்த எக்ஸில்டா அத்தை வீட்டுப் பின்புறம் போனான்.

உருளைக்கிழங்கு தோண்டி முடிந்ததும், கணவன் இல்லாத எக்ஸில்டாவுக்குக் கோயிலைச் சேர்ந்த ஒவ்வொரு வீடும் ஒரு வரிசை விறகு வெட்டி அடுக்கிக் கொடுப்பது வழக்கம். ஓனிலின் வரிசை பிர்ச் மரம். முனையைச் சாய்த்து வெட்டுவது அவன் கை வாகு, பார்த்தாலே தெரியும். முதலில் அதைத்தான் எடுத்தான். நான் கொடுத்ததை நான் எடுத்தால் திருட்டா என்று மனசுக்குள் வக்கீல் பேசினான். பிறகு ரெனாலின் வரிசை. பிறகு மற்றவர்களுடையது. அவள் தன் இடுப்பு வலியோடு பின்பக்கம் வரமாட்டாள், சமையலறை வாசலில் இருக்கும் சின்ன அடுக்கிலிருந்துதான் எடுப்பாள் என்பது அவனுக்குத் தெரியும். பொழுது சாயும்போது சறுக்குவண்டியை இழுத்துப் போவான். ஒருமுறை சன்னல் திரை அசைந்தது. அவன் குனிந்து, கோழித் திருடனைப் போல வேலியோரம் ஒதுங்கி, வீடு வந்து சேர்ந்தான்.

காலையில் எழுந்ததும் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியில் புகை வருகிறதா என்று பார்ப்பது இங்கே எல்லோருக்கும் பழக்கம். ஓனில் அந்தப் பக்கத்துத் திரையை இழுத்து மூடி வைத்திருந்தான்.

பிறகு புயல் வந்தது. நகரத்து முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் லொரேன் அங்கேயே மாட்டிக்கொண்டாள். நேற்று மத்தியானம் தொலைபேசியில் கூப்பிட்டு, "அத்தை போன் எடுக்கல ஓனில். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வா" என்றாள்.

அவன் பூட்ஸ் மாட்டினான். கதவு வரைக்கும் போனான். பின்னால் எவ்வளவு விறகு இருக்கு பாருப்பா, கொஞ்சம் உள்ளே எடுத்துப் போடுப்பா என்று அவள் கேட்டால்? எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பான்? கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். பூட்ஸைக் கழற்றினான். கொஞ்ச நேரம் விட்டு லொரேனைக் கூப்பிட்டான்.

"பாத்தேன். நல்லா இருக்காங்க. அடுப்பு எரியுது."

"அப்பாடா" என்றாள் லொரேன்.

அந்த 'அப்பாடா' அவன் காதிலேயே கிடந்தது.

இன்று, ஈரத்தைத் துடைத்துவிட்டு மேலே வந்து, அடை சுட மாவைக் கரைத்துக்கொண்டிருந்தபோதுதான் சத்தம் கேட்டது. நான்கு மணிக்கே இருட்டியிருந்தது. காற்று கூரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது, கண்ணாடியில் பனித்தூள் மணலாய் அடித்துக்கொண்டிருந்தது, அதற்கெல்லாம் அடியில், காலடியிலிருந்த சல்லடை வழியாக, சூடான காற்றோடு, காய்ந்த தாளைக் காய்ந்த தாளில் தேய்ப்பது போல மெல்லிய ஒலி ஒன்று வந்து நின்றது, மறுபடி வந்தது. கரண்டியை வைத்துவிட்டுக் குனிந்தான். வாசனையும் வந்தது. நனைந்த கம்பளி. அதோடு மூட்டுவலித் தைலம்.

அந்தத் தைல வாசனை அவனுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவனுக்கு முன் வரிசையிலிருந்து வரும்.

ஒலி நின்றது. மறுபடி. இப்போது புரிந்தது. யாரோ கை தேய்க்கிறார்கள். குளிருக்கு.

தொலைபேசி அடித்தது. லொரேன். குரல் தணிந்திருந்தது.

"பனி தள்ற வண்டிக்காரர் அத்தை வீட்டுப் புகைபோக்கியப் பாத்திருக்கார். புகையே இல்ல. கதவ உடைச்சு உள்ள போயிருக்காங்க. நாற்காலிக் காலெல்லாம் வெட்டி எரிச்சிருக்காங்க, ஓனில். ஒரு குச்சி விறகு இல்லையாம். செத்து ரெண்டு மூணு நாள் இருக்கும்ங்கறாங்க."

அவன் காலடியிலிருந்த சல்லடையைப் பார்த்தான்.

"நேத்து நீ யாரப் பாத்த?"

சல்லடையில் கை தேய்க்கும் ஒலி.

"ஓனில். யாரப் பாத்த?"

தொலைபேசியை மேசையில் வைத்தான். அது அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தது. வெட்கத்தில் காது மடல் எரிந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஓடியிருக்கலாம். வெளியே எங்கே ஓடுவது? எந்த வீட்டுக் கதவைத் தட்டி என்ன சொல்வது?

நிலவறைக் கதவைத் திறந்தான். படி இறங்கினான். துடைத்த தரையில் மறுபடி ஈரம். உலைக் கதவு திறந்திருந்தது. அவன் திறக்கவில்லை.

அவனுடைய ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுச் செருப்பு. மேலே கம்பளிக் கோட்டு, அதன்மேல் இன்னொரு கோட்டு. புருவத்தில் வெள்ளையாய்ப் பனி. இரண்டு கைகளையும் நெருப்புக்கு நீட்டியிருந்தாள். முன்னால் இல்லை. உள்ளே. தீ விரல்களைச் சுற்றி எரிந்தது. விரல்களில் பனி உறைந்தே இருந்தது.

அவள் திரும்பினாள். கோபம் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அடுத்தவர் வீட்டுக்கு வந்துவிட்டவளைப் போலக் கூச்சத்தோடு சிரித்தாள்.

"கொஞ்ச நேரம் காஞ்சிட்டுப் போயிடறேன்பா" என்றாள். "சூடே ஏற மாட்டேங்குது."

ஓனிலின் கை தானாக விறகுக்குப் போனது. முனை சாய்த்து வெட்டிய பிர்ச். அவள் கைகளுக்கு நடுவே உள்ளே வைத்தான். பற்றிக்கொண்டது. பனி உருகவில்லை.

இன்னொன்று வைத்தான்.

அவள் ஸ்டூலை நெருப்புக்குப் பக்கமாக நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். அவன் அடுத்த கட்டைக்காகப் பின்னால் துழாவினான். கையில் தரைதான் பட்டது.